வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டே வாழ்க்கைத்துணைக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டையில் 1986-ஆம் ஆண்டு பிறந்த எனக்குப் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றும், தொடக்கப்பள்ளி மாற்றுச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்க முகவரியில் வேலூர் மாவட்டம் என்றும், ஆதாரில் ராணிப்பேட்டை மாவட்டம் என்றும் இருக்கிறது. நான் பிறந்த தெரு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மனைவியும் நானும் துபாயில் வாழ்ந்தபோது எனக்காக அவர் குடியேற்ற விசாவுக்கு மனுச் செய்தார். அமெரிக்க அரசின் படிவங்களை நிரப்புவது அவ்வளவு கடினமாக இல்லை. ஊரிலிருந்து வர வேண்டிய காகிதங்களை ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதும், வெளிநாட்டிலேயே வாழ்ந்துவரும் மனுதாரர் உண்மையிலேயே அமெரிக்காவுக்குத் திரும்பப் போகிறார் என்று காட்டுவதும்தான் எங்கள் காலத்தைத் தின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் அவ்விரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

உங்களுக்குரிய பிரிவு எது

மனுச் செய்யும் கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், அவருடைய துணை நேரடி உறவினர் என்ற வகையில் சேர்வார். இந்த வகைக்கு ஆண்டு வரம்பு கிடையாது. வரிசை எண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால் ஐஆர்-1 என்றும், நிறையாதிருந்தால் சிஆர்-1 என்றும் விசா தரப்படும். மனுதாரர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவராக இருந்தால் மனு எஃப்2ஏ என்ற பிரிவுக்குப் போகும். அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மாதந்தோறும் வெளியாகும் விசா அறிக்கையில், உங்கள் மனு பதிவான தேதிக்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்துக்கொண்டு நீண்ட காலம் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ தங்கியிருப்பவர்கள் தங்கள் நிரந்தர வசிப்புரிமையையே இழக்க நேரிடலாம் என்பதால், அவர்கள் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. இனி நான் சொல்வதெல்லாம் அமெரிக்கக் குடிமக்களின் துணைவர்களுக்கே.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். நேரடி உறவினர் மனுவில் பிள்ளைகள் தாமாகச் சேர்ந்துகொள்ள மாட்டார்கள். முந்தைய திருமணத்தின் பிள்ளை இருந்தால், அப்பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்கு முன் உங்கள் திருமணம் நடந்திருக்க வேண்டும். தனி மனுவும் தனிக் கட்டணமும் வேண்டும். உங்கள் இருவருக்கும் வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் நிலை வேறு. குடிமகனான பெற்றோர் குழந்தை பிறப்பதற்கு முன் மொத்தம் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்து, அவற்றில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் 14 வயதுக்குப் பிந்தையவையாக இருந்தால், குழந்தை பிறக்கும்போதே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிடும். அதற்கு விசா கேட்பது தவறு. தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும்.

திருமணச் சான்று

ரத்தினகிரியிலோ வள்ளிமலையிலோ தாலி கட்டியிருக்கலாம், குடியாத்தத்தில் மண்டபம் எடுத்திருக்கலாம், ஆம்பூரில் நிக்காஹ் நடந்திருக்கலாம், வேலூரில் தேவாலயத்தில் மோதிரம் மாற்றியிருக்கலாம். அமெரிக்க அரசு கேட்பது அரசுப் பதிவாளர் தந்த சான்றிதழை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி மத வேறுபாடின்றி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். விடுப்பில் வந்து திருமணம் முடித்துப் பத்தே நாளில் விமானம் ஏறும் நம்மவர்கள் பலர் இதை அடுத்த விடுப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த விடுப்பு வருவதற்குள் காலக்கெடு கடந்துபோகிறது. கெடு கடந்த இந்துத் தம்பதியர் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிய வழி உண்டா என்று அதே அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஜமாஅத் புத்தகத்தின் நகலையோ கோயில் ரசீதையோ மட்டும் நம்பி மனுவை அனுப்பாதீர்கள். அவற்றைத் துணைச் சான்றாகச் சேர்க்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் குடும்பங்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, பெண் ஊரில் இருக்க, தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ நிக்காஹ் முடிப்பது உண்டு. மணமக்கள் இருவரும் நேரில் இல்லாத திருமணத்தை, அதற்குப் பின் இருவரும் கூடி வாழ்ந்தாலொழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே திருமணத்திற்குப் பின் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் பயண முத்திரைகளும் விமானச் சீட்டுகளும் இத்தகைய தம்பதிகளுக்கு மிகவும் முக்கியம்.

இருவரில் எவருக்காவது முன்பு திருமணமாகியிருந்தால், அது முடிந்ததற்கான நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலோ இறப்புச் சான்றிதழோ வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக்கொண்டதாக எழுதிய முத்திரைத்தாளை நம்பி இருக்க வேண்டாம். அந்தப் பழைய திருமணம் சட்டப்படி முடியாமல் இருந்தால், இப்போதைய திருமணமே செல்லாததாகிவிடும்.

பிறப்புச் சான்றும் பெயரும்

நம் பக்கத்தில் மிகுதியாக வரும் சிக்கல் இங்கேதான். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்காது. தாய் தந்தை பெயரும் தேதியும் மட்டுமே இருக்கும். பிறப்பு எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது கிராம நிர்வாகத்தின் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துப் புதிய நகல் வாங்க வேண்டும். பதிவே இல்லாதிருந்தால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்கி, அதனுடன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரங்களையும் இணைக்க வேண்டும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

பிறந்த இடம் அடுத்த சிக்கல். வாணியம்பாடியிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பிரசவத்துக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போவது இங்கே வழக்கம். பிறப்பு வேலூரில் பதிவாகியிருக்கும். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது சொந்த ஊரைச் சொல்லியிருப்பார்கள், பாஸ்போர்ட்டிலும் அதுவே ஏறியிருக்கும். நேர்காணல் அதிகாரிக்கு இது இரண்டு வேறு ஆட்களின் காகிதம்போலத் தெரியக்கூடும். பிறப்புச் சான்றிதழில் உள்ள ஊரையே பாஸ்போர்ட்டிலும் திருத்திக்கொண்ட பிறகு மனுச் செய்வதே சிறந்தது.

மாவட்டப் பெயர் மாற்றம் அவ்வளவு அச்சப்படத்தக்கதன்று. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டானது. முன்னது பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2019 நவம்பரில் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இந்த மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதி, எந்தச் சான்றில் எந்தப் பெயர் இருக்கிறது என்று குறித்து, கையொப்பமிட்டு இணைத்தேன். அதைப் பற்றி எவரும் கேள்வி கேட்கவில்லை.

பெயர் விஷயத்தில்தான் கவனம் மிக வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயர் முழுவதும் அமெரிக்க விசாவில் குடும்பப்பெயராக ஏறி, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்று பொருள்படும் அந்த எழுத்துகள் பின்னர் கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் தொடர்ந்து வரும். மனுச் செய்வதற்கு முன்பே தந்தை பெயரைக் குடும்பப்பெயராகப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்குங்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்க்க விரும்பும் பெண்களும் இப்போதே முடிவெடுத்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் ஒவ்வொரு படிவத்திலும் விளக்கம் எழுத வேண்டிவரும்.

தமிழில் மட்டும் உள்ள எந்தக் காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழிகளும் தெரியும் என்றும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை.

ஐ-130 மனு

மனுதாரர் வெளிநாட்டில் இருந்தாலும் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் இணையக் கணக்கிலேயே, உறவை நிறுவும் முதல் மனுவான ஐ-130-ஐப் பதியலாம். 2024 ஏப்ரலில் வந்த கட்டண முறையின்படி இணையத்தில் 625 டாலர், தாளில் 675 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், செலுத்தும் நாளில் துறையின் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். துணைவரைப் பற்றிய ஐ-130ஏ படிவத்தையும் இணைக்க வேண்டும். அவர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் அதில் அவருடைய கையொப்பம் தேவையில்லை. மனுவில் துணைவரின் பெயரையும் முகவரியையும் அவருடைய தாய்மொழி எழுத்திலேயே எழுதக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கே தமிழில் எழுதுங்கள். முகவரியில் இப்போதைய மாவட்டப் பெயரே இருக்கட்டும்.

உறவு மெய்யானது என்பதற்கான சான்றுகளில், வெளிநாட்டில் சேர்ந்து வாழும் தம்பதிகளுக்கு உண்மையில் வசதி அதிகம். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒருவர் மற்றவரைச் சார்ந்து பெற்ற வளைகுடா வசிப்பு விசா, கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் துணைவரை நியமித்த பக்கம் ஆகியவை ஆயிரம் திருமணப் புகைப்படங்களைவிட வலுவானவை. புகைப்படங்களில் இருபது போதும். அவை நிச்சயதார்த்தம் முதல் இன்றுவரை வெவ்வேறு காலத்தவையாகவும், இரு குடும்பத்தாரும் உள்ளவையாகவும் இருக்கட்டும்.

மனு ஒப்புதலாக ஓராண்டுக்கு மேல் ஆவது இயல்பு. வெளிநாட்டிலுள்ள தூதரகத்திலேயே நேரடியாக மனுவைப் பெற்றுக்கொள்வது மிக அரிதான சூழலில் மட்டுமே நடக்கும். அவசர மருத்துவ நிலை, உயிருக்கு அச்சுறுத்தல், மனுதாரரை நிறுவனம் குறுகிய அவகாசத்தில் அமெரிக்காவுக்கு மாற்றுவது போன்றவை அதற்குரிய காரணங்கள். ஊரில் ஒரு முகவர் பணம் வாங்கிக்கொண்டு மூன்றே மாதத்தில் முடித்துத் தருவதாக எங்களிடம் சொன்னார். அவர் நிரப்பித் தந்த படிவத்தில் என் பிறந்த ஊரே தவறாக இருந்தது. நல்லவேளையாக அனுப்புவதற்கு முன் என் மனைவி பார்த்துவிட்டார். படிவத்தை யார் நிரப்பினாலும் கையொப்பமிடுபவரே அதற்குப் பொறுப்பு.

தேசிய விசா மையம்

ஒப்புதலுக்குப் பிறகு கோப்பு அமெரிக்க வெளியுறவுத் துறையின் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசா விண்ணப்பத்துக்கு 325 டாலரும், பொருளாதார உறுதிமொழியின் பரிசீலனைக்கு 120 டாலரும் கட்ட வேண்டும். பின்னர் டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பிச் சான்றுகளைப் பதிவேற்ற வேண்டும். மையத்தின் கடிதத்துக்கு ஓராண்டுக்கு மேல் பதிலே இல்லையென்றால் கோப்பு முடிக்கப்படக்கூடும் என்பதால், எந்த வேலையும் இல்லாவிட்டாலும் தொடர்பில் இருங்கள்.

இங்கே தேவைப்படும் காவல்துறைச் சான்று பலரைக் குழப்புகிறது. இந்தியாவுக்கானதைப் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தர வேண்டும். ஊரில் இருப்பவர்கள் பாஸ்போர்ட் சேவா இணையதளம் வழியாகவும், வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். வேலைக்காக மாவட்டக் காவல் அலுவலகத்தில் வாங்கிய சரிபார்ப்புச் சான்று இதற்கு ஈடாகாது. இப்போது ஆறு மாதத்துக்கு மேல் வசிக்கும் நாடு, 16 வயதுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் வசித்த ஒவ்வொரு நாடு ஆகியவற்றிலிருந்தும் சான்று வேண்டும். ஒரு வளைகுடா நாட்டை விட்டு வேறு நாட்டுக்கு மாறப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியேறிய பின் கைரேகை கொடுத்து வாங்குவது பெரும் அலைச்சல்.

ஐ-864: வருமானமும் வசிப்பிடமும்

துணைவரைத் தாங்குவதாக மனுதாரர் தரும் பொருளாதார உறுதிமொழிப் படிவமே ஐ-864. வெளிநாட்டில் வாழும் மனுதாரர்களுக்கு இதுவே மிகக் கடினமான படி. மனுதாரரின் வருமானம் கூட்டரசு வறுமைக் கோட்டின் 125 விழுக்காட்டை எட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டு அளவின்படி, கணவன் மனைவி இருவர் மட்டுமான குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலர். துபாயில் இதைப்போல் மூன்று மடங்கு சம்பாதிப்பவரும் இங்கே தடுமாறுகிறார். காரணம் எளியது. அமெரிக்காவுக்குப் போனதும் நின்றுவிடும் சம்பளம் கணக்கில் நிற்காது. அதே நிறுவனம் அங்கும் வேலை தருவதாகக் கடிதம் தந்தாலோ, புதிய வேலை கிடைத்திருந்தாலோ நிலைமை மாறும்.

வருமானம் போதாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சொத்து. குடிமகன் தன் துணைவருக்காக மனுச் செய்யும்போது, வருமானத்தில் குறையும் தொகையின் மூன்று மடங்குக்குச் சொத்து காட்டினால் போதும். வருமானமே இல்லையென்றால் மேற்சொன்ன கணக்கில் 79,311 டாலர். விண்ணப்பிக்கும் துணைவரின் சொத்தையும் இதில் சேர்க்கலாம். வங்கி வைப்புத்தொகை மிக எளிது. காட்பாடியில் உள்ள வீட்டையும் காட்டலாம். ஆனால் அது ஓராண்டுக்குள் பணமாக்கி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடியதாக இருக்க வேண்டும். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, கடன் ஏதேனும் இருந்தால் அதைக் கழித்த கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர், தம் இந்திய வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை அனுப்ப விதிகள் இடம் தருகின்றன என்பதையும் குறிப்பிடலாம். பாகப்பிரிவினை ஆகாத பூர்விக நிலத்தைக் காட்ட வேண்டாம்.

இரண்டாவது வழி கூட்டுப் பொறுப்பாளர். அமெரிக்காவில் வசிக்கும் அண்ணனோ மைத்துனரோ சித்தப்பாவோ குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்தால் கையொப்பமிடலாம். ஆனால் அவரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். விசா பெற்றவர் குடியுரிமை பெறும்வரையோ, சுமார் பத்தாண்டு உழைப்புக்குரிய 40 காலாண்டுக் கணக்கு நிறையும்வரையோ பொறுப்பு தொடரும். விவாகரத்தாலும் அது தீராது. வெறும் ஒரு கையெழுத்து என்று சொல்லி உறவினரிடம் வாங்குவதை நான் தவறு என்றே கருதுகிறேன்.

கூட்டுப் பொறுப்பாளர் கிடைத்துவிட்டாலும் மனுதாரரின் வசிப்பிடக் கேள்வி அப்படியே நிற்கும். மனுதாரருக்கு அமெரிக்காவில் வசிப்பிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் துணைவர் அங்கு நுழையும் நாளுக்குள் அவர் மீண்டும் குடியேறிவிடுவார் என்று காட்ட வேண்டும். இருவரும் சேர்ந்தே பயணிக்கலாம். துணைவர் முன்னே போய் மனுதாரர் பிறகு வருவது கூடாது. வேலை உறுதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், தொடர்ந்து நடக்கும் அமெரிக்க வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்ட கடிதம், துபாய் வீட்டைக் காலி செய்வதாகக் கொடுத்த அறிவிப்பு ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் சேருங்கள். என் மனைவி தம் தோழியின் வீட்டில் தங்கப்போவதாக அத்தோழி எழுதிய கடிதத்தையும், வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்களையும், திரும்பும் மாதத்தைச் சொல்லும் தம் கையொப்பமிட்ட விளக்கத்தையும் இணைத்தார்.

வருமானவரி இதோடு சேர்ந்தது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும், வரி கட்ட வேண்டியது ஒன்றுமில்லாவிட்டாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டவர்கள் ஐ-864 படிவத்தைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தாக்கல் செய்தவர்களிலும், வெளிநாட்டுச் சம்பள விலக்கைக் கழித்ததால் மொத்த வருமானம் சுழியமாகத் தெரிவோர் உண்டு. அவர்கள் நிறுவனத்தின் சம்பளக் கடிதத்தையும் சேர்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்

நீங்கள் வாழும் நாட்டிலோ குடியுரிமை உள்ள நாட்டிலோ நேர்காணல் வைக்கப்படும். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் மும்பைத் துணைத் தூதரகத்துக்குப் போக நேரும். சுற்றுலா விசாவுக்குச் சென்னை அண்ணா சாலைக்குப் போய்வந்த அனுபவத்தை வைத்து இதையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்யலாம். ஊரில் எவ்வளவு பெரிய மருத்துவமனை இருந்தாலும், பட்டியலில் இல்லாத மருத்துவரின் அறிக்கை செல்லாது. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர்ச் சோதனைகளோடு தடுப்பூசிகளும் போடுவார்கள். பழைய தடுப்பூசி அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். காசநோய்க்கு முன்பு மருந்து எடுத்தவர்கள் அதன் முழு ஆவணங்களையும் கொண்டுபோக வேண்டும், மறைக்கக் கூடாது.

நேர்காணல் சில நிமிடங்களே நீடித்தது. எங்கே சந்தித்தீர்கள், மனைவி என்ன வேலை செய்கிறார், எப்போது திரும்புகிறார் என்று கேட்டார்கள். எல்லாச் சான்றுகளின் அசலையும் கையில் வைத்திருங்கள். ஏதேனும் குறைந்தால் 221(ஜி) என்று குறிப்பிட்ட தாளைத் தருவார்கள். அது பெரும்பாலும் கேட்ட காகிதத்தைக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

விசா கைக்கு வந்த பின்

விசா பொதுவாக ஆறு மாதம் வரை செல்லும். மருத்துவ அறிக்கையின் காலத்தைப் பொறுத்து அது குறையலாம். புறப்படும் முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் செலுத்துங்கள். கிரீன் கார்டு அதன் பிறகே அச்சாகி அமெரிக்க முகவரிக்கு வரும். நுழையும்போது முத்திரையிடப்பட்ட விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டுக்கு ஈடாகும்.

திருமணமாகி இரண்டாண்டு நிறையச் சில வாரங்களே இருந்தால், விசாவின் காலத்துக்குள் அந்த நாள் கடந்த பிறகு பயணம் செய்யுங்கள். விசாவில் சிஆர்-1 என்று அச்சாகியிருந்தாலும், விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி ஐஆர்-1 ஆகப் பதியக் கேட்கலாம். அப்போது பத்தாண்டுக் கார்டு கிடைக்கும். அதற்கு முன்பே நுழைந்தவர்களுக்கு இரண்டாண்டு நிபந்தனைக் கார்டுதான் வரும். அதன் காலம் முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த 90 நாள் தொடங்கும் தேதியைக் கார்டு வந்த அன்றே இருவரும் குறித்துவையுங்கள்.